கத்திக்கு விடும் இடம்

ஒரு புத்தகத்தின் அச்சுக்கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவைத்த பிறகு மனத்தில் தங்கிவிடுகிற நெருடல் ஒன்று இருக்கிறது. அது பிழையைப் பற்றிய பயம் அன்று. எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும், அச்சாகி வந்த பிரதியைப் பிரித்ததும் கண்ணில் படக் காத்திருக்கும் பிழை ஒன்று எங்கோ இருக்கும் என்பதைப் பக்கம் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுதான் பழகியிருக்கிறோம். இது வேறு. பக்கங்கள் பூட்டப்பட்டு, எழுத்துருக்கள் உள்ளே பொதியப்பட்டு, நான்கு மூலைகளிலும் வெட்டுக்குறிகள் நின்று, இனி ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் நகர்த்த முடியாது என்ற நிலையில் அந்தப் பி.டி.எஃப். திரையில் இருக்கும்போது, இதற்குள் இருப்பது தமிழா, தமிழைப் போலத் தெரிகிற படமா என்று கேட்கத் தோன்றுகிறது. அச்சகத்துக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. பிளேட்டில் விழ வேண்டியது கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்பது மட்டுமே. வாசகருக்கும் தேவையில்லை, அவர் கைக்குப் போவது தாள். அப்படியானால் யாருக்காக இந்தக் கேள்வி உறுத்துகிறது? நேராகப் பதில் சொல்ல வரவில்லை. அச்சுக்குக் கோப்பைத் தயார்செய்வது என்கிற வேலையையே கொஞ்சம் சுற்றி வந்தால்தான் எங்கே உறுத்துகிறது என்று காட்ட முடியும்.

இந்த வேலைக்கு வருகிற எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது பிளீடு. பக்கத்தின் ஓரம்வரை ஒரு நிறமோ படமோ போகிறதென்றால் ஓரத்தோடு அதை நிறுத்தக் கூடாது. வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளியே 3 மி.மீ. நீட்டிவிட வேண்டும். உள்ளேயும் அதே கணக்குதான். எழுத்தோ பக்க எண்ணோ வெட்டுக்கோட்டை ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ‘பிளீடு விடல சார், எப்படி வெட்டுறது?’ என்று அச்சகத்திலிருந்து வருகிற அழைப்பைக் கேட்காத வடிவமைப்பாளர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் காரணம் உடனே விளங்கும். பைண்டிங் முடிந்து பசை காய்ந்த புத்தகங்களை அடுக்கி, நாலு பக்கமும் தட்டிச் சீராக்கி மேசையில் தள்ளுவார்கள். மேலிருந்து அழுத்துப்பட்டை இறங்கும்போது தாள்களுக்கு நடுவே இருந்த காற்று புஸ்ஸென்று வெளியேறும். கத்தி சாய்வாக இறங்குகிறது. அடுக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கத்தியின் இழுப்பில் தாள்கள் மயிரிழை நகர்கின்றன; மேலே இருக்கும் புத்தகத்துக்கும் அடியில் இருக்கும் புத்தகத்துக்கும் வெட்டு ஒன்றாக விழுவதில்லை. அதற்கு முன்பே அச்சில் தாள் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம், மடிப்பில் கொஞ்சம் கோணியிருக்கலாம். அந்தச் சிறு விலகல்கள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் கத்தி. நிறத்தை ஓரத்தோடு நிறுத்தியிருந்தால் சில பிரதிகளில் ஓரத்தில் நூல்போல ஒரு வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும். நீட்டிவிட்ட அந்த 3 மி.மீ. வெட்டுண்டு, தாள் கீற்றுகளாகத் தரையில் விழுந்து, சாக்கில் அள்ளப்பட்டுக் கழிவுத்தாளுக்குப் போகிறது. யாரும் பார்க்கப்போகாத ஓர் ஓரத்தை இவ்வளவு கவனமாக வரைகிறோம் என்பதை நினைக்கும்போது இந்தத் தொழில்மீது எனக்கு மரியாதை கூடுகிறது. இயந்திரம் பிசகும், கை பிசகும், தாள் நகரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தப் பிசகு புத்தகத்தைக் கெடுக்காமல் இருக்க இடம் விட்டுவைக்கிறோம்.

கோப்புத் தயாரிப்பின் பெரும்பகுதி இப்படி இடம் விடுவதுதான். டெம்மி எட்டு அளவில் ஒரு நாவல் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்கள், மறுமுகத்தில் மற்ற எட்டு. முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் நிற்கும். ஒரு வரிசை பக்கங்கள் தலைகீழாக நிற்கும். ஒரு வெள்ளைத்தாளை மூன்று முறை மடித்து, மடிப்பைப் பிரிக்காமலேயே மூலைகளில் எண் போட்டுவிட்டுப் பிரித்துப்பார்த்தால் இந்தக் கணக்கு கைக்குப் புரிந்துவிடும். இப்போது மென்பொருள் அதைச் செய்துவிடுகிறது என்றாலும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அந்தத் தாளை ஒருமுறை மடித்துப்பார்க்கச் சொல்வது நல்லது. மடித்துப்பார்த்தவர் முதுகுப்பக்கத்து ஓரத்தைக் குறுக்க மாட்டார். பசை போட்ட புத்தகம் முழுவதும் விரிந்துகொடுக்காது, உள்ளோரத்தில் இருக்கிற சொல் மடிப்புக்குள் விழுந்துவிடும் என்று அவர் விரல் சொல்லிவிடும். நடுவில் பின் அடிக்கிற சிற்றிதழாக இருந்தால் இன்னொரு சங்கதி உண்டு. தாளுக்குள் தாள் செருகிக்கொண்டே போகும்போது நடுத்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெட்டியபின் நடுப்பக்கங்களின் வெளியோரம் மட்டும் குறுகிப்போகும். அறுபத்து நான்கு பக்க இதழில் அது கண்ணுக்கே தெரியும். அதனால் நடுப்பக்கங்களை நோக்கிப் போகப் போக உரையைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிவைக்கிறார்கள். முதுகின் அகலமும் அப்படியே. எண்பது ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாளில் 240 பக்கப் புத்தகத்தின் முதுகு ஏறத்தாழ 12 மி.மீ. வரும். கடைசி நேரத்தில் கனமான பழுப்புநிறத் தாளுக்கு மாறினால் முதுகு தடிக்கும்; முதுகில் நடுவாக நின்றிருக்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கணினித் திரைக்குத் தடிமன் கிடையாது. தடிமனை நினைவில் வைத்துக்கொண்டு தட்டையான ஒன்றை வரைவதுதான் இங்கே தேர்ச்சி.

மைக்கும் இடம் விட வேண்டும். நான்கு வண்ண அச்சில் சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து பதிகின்றன. அவை நூலளவு விலகினால்கூடப் படத்தில் பெரிதாகத் தெரியாது, எழுத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் உரையின் கறுப்பு தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும் என்கிறார்கள். திரைக்கென்று உருவான கறுப்பை ஃபோட்டோஷாப்பின் பழைய இயல்பு அமைப்பில் அப்படியே அச்சு வண்ணத்துக்கு மாற்றினால் அது சியான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையாகப் பிரிந்து நிற்கும். கூட்டினால் முந்நூறு விழுக்காடு மை. திரையில் இரண்டு கறுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். அச்சில் ஒவ்வோர் எழுத்தும் நான்கு முறை பதிந்து, ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கசியும். ரோமன் எழுத்துக்கு இது அழகுக்கேடு. தமிழுக்கு அதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. பத்துப் புள்ளி அளவில் ஒரு மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளியை உருப்பெருக்கியில் பாருங்கள். அரை மில்லிமீட்டர்கூட இராது. சில எழுத்துருக்களில் அது நடுவே வெளுப்புள்ள சிறு வளையம். மை சற்று அதிகமானால் வளையம் அடைந்து மொட்டாகிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தாலோ, நான்கு மைகளும் சுற்றிலுமிருந்து நெருக்க, புள்ளி மூடியே போகும். ‘பல்’ என்று எழுதியது ‘பல’ ஆகும், ‘கண்’ என்று எழுதியது ‘கண’ ஆகும். பின்னட்டையில் கரும்பச்சைப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்தாகக் கவிதை வரிகளை வைக்கச் சொல்லி யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்குப் புள்ளிகள்தான் முதலில் நினைவுக்கு வரும். எழுத்தைத் தடித்ததாக்கு, அளவைக் கூட்டு, பின்னணியை ஒரே மைக்குக் குறை என்று மன்றாடுவது வடிவ ரசனைக்காக அன்று, சொல் சொல்லாகவே நிற்பதற்காக.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்தங்குல அகலத்தில் அச்சாக வேண்டிய படத்துக்கு 1500 புள்ளிகள் வேண்டும், அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில். நூலாசிரியர் தன் அம்மாவின் பழைய ஸ்டூடியோ படத்தைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். அது வந்து சேரும்போதே கரைந்து போயிருக்கும். அசல் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, நல்ல ஸ்கேனரில் வைத்து எடுத்தாலும், மேப்லித்தோ மையை உறிஞ்சிப் பரப்பும். 50 விழுக்காடு என்று வைத்த சாம்பல் 70ஐ ஒட்டிப் போய்விடும். அதனால் திரையில் படத்தைத் தேவைக்குமேல் வெளுக்கவைக்கிறோம். அந்த முகம் திரையில் சோகைபிடித்ததுபோல இருக்கும். அதைப் பார்த்து நூலாசிரியர் முகம் வாடும். தாளில் சரியாகிவிடும் என்று அவருக்கு உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் நடக்காத ஒன்றை நம்பி, இப்போது தெரிவதைக் கெடுத்துவைக்கும் துணிச்சல் அது. தாளின் குணத்தை அறிந்தவர்களுக்கே அந்தத் துணிச்சல் வரும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு நெருடல் எங்கிருக்கிறது என்று காட்ட முடியும் என்று நினைக்கிறேன். கத்தி, மடிப்பு, மை, தாள் என்று பொருளின் பிசகுகள் அனைத்துக்கும் இடம் விடக் கற்றுக்கொண்ட நாம் ஒரே ஒன்றுக்கு மட்டும் இடம் விடவில்லை. அது காலம். கோப்பை அச்சுக்குத் தயார்செய்வதில் கடைசிப் படியாகச் சொல்லப்படுவது எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடுவது. கோரல்டிராவில் வேலை செய்கிறவர்கள் ‘கர்வ்ஸ் பண்ணியாச்சா?’ என்று கேட்பார்கள். அதுவரை ‘அ’ என்ற எழுத்தாக இருந்தது அந்த விசையைத் தட்டியதும் வளைகோடுகளால் அடைத்த ஒரு வடிவமாகிவிடும். அதற்குமேல் அதைத் தேட முடியாது, திருத்த முடியாது, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது. ஆனால் எந்தக் கணினியில் திறந்தாலும் அப்படியே தெரியும். வேறு கணினியில் எழுத்து மாறித் தெரியுமோ என்ற பயம் வீணாக வந்ததன்று. இருக்கவேண்டிய எழுத்துரு அச்சகத்துக் கணினியில் இல்லாமல், கவிதைத் தொகுப்பின் தலைப்பு முழுவதும் கேள்விக்குறிகளும் டாலர் குறிகளுமாக மாறி அச்சாகிவந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கலக்கம் தமிழ்க் கணினி அச்சின் பிறப்போடு கூடவே வந்தது.

ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985இல் வந்தது. 1994இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2001இல் வந்த 7.0 பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. தமிழ்ப் பதிப்புலகம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதிலேயே தங்கியிருந்தது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் யூனிகோடுத் தமிழை உடையாமல் காட்டும் பக்க வடிவமைப்பு மென்பொருள் நம் மேசைக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று ஆளுக்கொரு குறியேற்றம். தமிழ்நாட்டரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டைத் தரமாக்கிய பிறகும் பழையவை தொடர்ந்தன. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கணினி சேமித்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக்குறிகளை. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் தமிழே இல்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் வந்த தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பங்கு இப்படித் தட்டச்சானவைதான். தலித் இலக்கியம், பெண்கவிதை, ஈழத்துப் புலம்பெயர் எழுத்து எல்லாம் பெருகிய காலம் அது. அவை வன்தட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் இருக்கின்றன என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இருப்பவை விசைகள் தட்டப்பட்ட வரிசை மட்டுமே.

அதிலும் ஒரு குறை. அன்று பல சிறிய அச்சகங்களில் வேலை டிரேசிங் தாளில் நடந்தது. பக்கங்களை லேசர் பிரிண்டரில் டிரேசிங் தாளில் எடுத்து, அதைப் பிளேட்டின்மேல் வைத்து ஒளியூட்டுவார்கள். அச்சுக்குப் போகிற கடைசி நேரத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டால் பக்கம் முழுவதையும் மறுபடி எடுக்க மாட்டார்கள், அந்தத் தாள் விலை அதிகம். திருத்திய வரியை மட்டும் தனியே அச்செடுத்து, பிளேடால் நறுக்கி, ஒளிபுகும் ஒட்டுநாடாவால் பழைய வரியின் இடத்தில் நேராகப் பொருத்துவார்கள். அந்தக் கைவேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசை, மூச்சுப்பட்டால் பறந்துவிடும் ஒற்றை வரிக் கீற்று, அதைச் சாமணத்தால் பிடித்து இறக்கும் நிதானம். ‘ஒ’வுக்குச் சுழியைச் சேர்க்க ஒரு துணுக்கை ஒட்டியவர்களும் உண்டு. புத்தகம் சரியாகவே வந்தது. ஆனால் அந்தத் திருத்தம் கணினியில் இருந்த கோப்புக்குத் திரும்பிப் போகவில்லை. மெய்ப்புப் பார்த்தவர் இரவெல்லாம் கண்விழித்துப் பிடித்த பிழைகள் டிரேசிங் தாளோடு பழைய கட்டுக்குள் போய்விட்டன. இரண்டாம் பதிப்புக்குக் கோப்பைத் திறந்தபோது அவை எல்லாம் திரும்பி வந்தன. முதல் பதிப்பைவிடப் பிழை மலிந்த மறுபதிப்புகள் தமிழில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவரவர் கவனக்குறைவு என்று பழிபோடுவது எளிது. கவனம் எங்கே தங்கியது, எங்கே தங்கவில்லை என்று பார்ப்பதே பயன்தரும்.

இப்போது அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை அங்கங்கே நடக்கிறது. மாற்றி மென்பொருள்கள் உண்டு. பெரும்பகுதியைச் சரியாகவே மாற்றுகின்றன. மிச்சம்தான் சோதிக்கும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும், அதைப் பின்னால் நகர்த்த வேண்டும். வரிமுடிவில் சொல்லை உடைக்கக் கையால் போட்ட இணைப்புக்குறி, பக்க அளவு மாறியதும் வரியின் நடுவில் வந்து நிற்கும். ‘ஔவை’யை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, தேடினால் கிடைக்காது. கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டியிருப்பார்கள். அந்த எழுத்துருவில் இரண்டும் ஒரே வடிவமாக இருந்ததால் தாளில் எந்தக் குறையும் இல்லை. இதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது ஏட்டுச்சுவடிகளின் நினைவு வராமல் இராது. ஓலையில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் அரிது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் பிரித்துக்காட்டப்படுவதில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒவ்வொரு சொல்லிலும் ரகரமா காலா, குறிலா நெடிலா என்று பொருளைக் கொண்டும் யாப்பைக் கொண்டும் தேற வேண்டியிருந்தது. அச்சு வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது என்று பெருமை கொண்டோம். நூறாண்டு கழித்துக் கணினியில் அதே ரகரத்தையும் காலையும் நாமே மறுபடி குழப்பிவைத்தோம், இந்த முறை யாருக்கும் தெரியாதபடி திரைக்கு அடியில். ஏடெழுதியவருக்கு எழுத்து முறையின் எல்லை அது. நமக்கு அப்படி ஓர் எல்லை இருந்ததா என்று கேட்டுக்கொண்டால் நிம்மதியான பதில் கிடைப்பதில்லை. அன்றிருந்த கருவிகளின் எல்லை என்று பாதியைச் சொல்லலாம். மறுபாதி, தாளில் சரியாக வந்தால் போதும் என்ற முடிவு.

அந்த முடிவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு மேலே போக மனமில்லை. ஈய எழுத்துக் காலத்தில் ஃபாரம் அச்சானதும் எழுத்துகளைக் கலைத்து அந்தந்த அறைகளில் போட்டுவிடுவார்கள். அடுத்த ஃபாரத்துக்கு அதே எழுத்துதான் வேண்டும். கோத்தது கோத்தபடி இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. புத்தகமே சேமிப்பு. அப்படி வந்த நூல்கள்தானே நம் நூலகங்களை நிறைத்திருக்கின்றன, அச்சுக்கோப்பு என்பது சாரம்போல, கட்டடம் எழுந்ததும் பிரித்துவிட வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டால், நெடுநாள் வரை என்னிடம் மறுமொழி இல்லை. இன்று இருக்கிறது என்று நம்புகிறேன். ஆயிரம், ஆயிரத்து இருநூறு படி அச்சிட்டு ஊரெங்கும் நூலகங்களுக்குப் போன காலத்தில் புத்தகம் தன்னைத்தானே காத்துக்கொண்டது. இப்போது தேவைக்கேற்ப நூறு, ஐம்பது என்று டிஜிட்டல் இயந்திரத்தில் அச்சாகிறது. அடுத்த ஐம்பது எப்போது அச்சாகும் என்பது கோப்பைப் பொறுத்தது. புத்தகம் கடையில் இல்லாத மாதங்களில் அது கோப்பாக மட்டுமே உயிரோடு இருக்கிறது. சாரமாக இருந்தது சுவராகிவிட்டது. அதற்குச் சுவருக்கு உரிய கவனம் வேண்டும்.

அனைத்துலகத் தரங்களைப் பார்த்தால் இந்த இரண்டு தேவைகளும் தனித்தனியாக உணரப்பட்டது தெரிகிறது. அச்சுக்கான பி.டி.எஃப். எக்ஸ் வரிசையின் முதல் ஐ.எஸ்.ஓ. தரம் 2001இல் வந்தது. எழுத்துரு உள்ளே பொதிந்திருக்க வேண்டும், நிறம் இன்ன அச்சு முறைக்கு உரியது என்று சொல்லியிருக்க வேண்டும், வெட்டின் அளவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அந்த வடிவங்கள் எந்த எழுத்துகள் என்று அது கேட்பதில்லை. காப்புக்கான பி.டி.எஃப். ஏ 2005இல் வந்தது. அதன் சில நிலைகளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய யூனிகோடு எழுத்து கோப்புக்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்பது விதி. நாம் முதலாவதைக் கற்றுக்கொண்டோம். இரண்டாவதைக் கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொண்டோம். யூனிகோடு எழுத்துருவிலேயே பக்கம் கட்டிய பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்து ஒட்டிப்பாருங்கள். பல நேரங்களில் கொம்புகள் இடம் மாறியிருக்கும், உகரம் ஏறிய எழுத்துகள் காணாமல் போயிருக்கும். கண்ணுக்குக் குறையற்ற பக்கம் உள்ளே சிதைந்து கிடக்கிறது. இதனால் முதலில் இழப்பவர் பார்வையற்ற வாசகர். அவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் பக்கத்தின் அழகைப் படிப்பதில்லை, அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்கிறது. கோடுகளாக மாற்றிய பக்கத்தின்முன் அது ஊமையாகிவிடும். பார்வையற்றோருக்கான நூல்வடிவங்களை எளிதாக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாகி, 2014இல் இந்தியாவே அதை முதலில் ஏற்புறுதி செய்தது. சட்டம் வழிவிட்ட பிறகும் ஒரு தமிழ் நாவலை அவர்களுக்குக் கொடுக்கத் தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், ஏற்கெனவே ஒருமுறை கணினியில் தட்டச்சான உரை எங்கே போயிற்று என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அந்த உரை யாருடையது என்பதே இன்னும் தீரவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர் பி.டி.எஃப். தருவார், திருத்தக்கூடிய ஓபன் ஃபைலைத் தரத் தயங்குவார். கொடுத்துவிட்டால் மறுபதிப்பு வேலை வேறொருவருக்குப் போய்விடும். அவர் தயங்குவதில் குற்றம் காண முடியவில்லை. பேசிய கூலி பெரும்பாலும் ஒரு முறைக்கானது, மூன்றாம் மெய்ப்புக்குப் பிறகு வருகிற திருத்தங்களுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பதிப்பாளரோ கோப்பு தன் பணத்தில் உருவானது என்கிறார். நூலாசிரியர் தன் எழுத்து என்கிறார். மூவரும் நியாயம் பேசுகிறார்கள், இதற்கிடையில் கோப்பு யாரோ ஒருவருடைய பழைய கணினியில் தங்கி, அந்தக் கணினி பழுதாகும்போது கூடவே போகிறது. இதற்கான தீர்வு தொழில்நுட்பத்தில் இல்லை, கூலி பேசுகிற மேசையில் இருக்கிறது. எல்லாத் திருத்தங்களும் ஏறிய, யூனிகோடில் தேடக்கூடிய வெற்றுரை ஒன்றும், பயன்பட்ட எழுத்துருக்களின் பெயரும், அளவுகளும் அடங்கிய ஒரு தொகுப்பை அச்சுக்கோப்போடு சேர்த்து ஒப்படைப்பதை வேலையின் பகுதியாக்கி, அதற்கு உரிய கூலியையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். பிளேட் எடுக்கும் கடைசி நிமிடத்தில் செய்கிற திருத்தம்கூட மூலக் கோப்பில் செய்யப்பட்டு, அங்கிருந்து மறுபடி பி.டி.எஃப். ஆகி வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கோடுகளாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அச்சகம் கேட்டால் அதன் பிரதி ஒன்றை மாற்றிக்கொடுத்து, எழுத்தாக இருப்பதைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஒரு புத்தகத்துக்கு இதனால் கூடப்போவது சில மணி நேர வேலை. பிளீடு விடாத கோப்பை எந்த அச்சகமும் இன்று வாங்குவதில்லை; அந்தக் கண்டிப்பு அச்சக வாசலில் பிறந்து, நாளாவட்டத்தில் எல்லோருக்கும் பழக்கமாயிற்று. எழுத்து எழுத்தாக இல்லாத கோப்பை வாங்க மாட்டோம் என்று பதிப்பாளர்களும், கூலி இல்லாமல் அதைச் செய்ய மாட்டோம் என்று பக்கம் கட்டுகிறவர்களும் ஒரே குரலில் சொல்லத் தொடங்கினால், இதுவும் அப்படிப் பழக்கமாகிவிடும் என்றே நம்புகிறேன்.